பெட்டி கட்டிய பிறகு

"அந்தப் பெண் எங்கே?" என்று ஆயா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியில் கிரேக்கத் தேவர்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். முந்தின வாரம் இதே நேரத்தில் 'கிளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்' ஓடியது. மெதுசாவின் தலையை அறுத்து, அந்தத் தலையைக் காட்டியே கடல் பூதத்தைக் கல்லாக்கினான் பெர்சியுஸ். சண்டையில் செத்துப்போன அவனுடைய துணை அயோவுக்குக் கடைசிக் காட்சியில் தேவராஜா ஜீயஸே உயிர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சத்தியவான் சாவித்திரி கதை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இந்த வாரம் இரண்டாம் பாகம், 'ராத் ஆஃப் த டைட்டன்ஸ்'. பெர்சியுஸ் மீன் பிடிக்கிறான், பக்கத்தில் ஒரு சிறுவன் இருக்கிறான், அவளை மட்டும் காணோம்.

"செத்துப்போய்விட்டாள் ஆயா."

"எப்போது?"

"இரண்டு படத்துக்கும் நடுவில்."

"யார் கொன்றது?"

யாரும் கொல்லவில்லை. ஒரு கல்லறையைக் காட்டிவிட்டு மேலே போய்விட்டார்கள். ஆயா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சாமி கொடுத்த உயிரைக் கேட்பாரில்லாமல் சாகடிக்கிறவன் என்ன கதை சொல்லப் போகிறான்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தேன். ஆயா சொன்னதுதான் சரி.

அந்த நாளிலிருந்து இதுமாதிரி இரண்டாம் பாகங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். பழங்கதையை எடுத்து மாயாஜாலப் படமாக்குவார்கள். முதல் பாகம் ஏதோ ஒரு வகையில் பிடித்துப்போகும். இரண்டாம் பாகத்துக்கு ஆசையாய்ப் போய் உட்கார்ந்தால் இலையில் சோறே விழாது. ஏன் இப்படி ஆகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் வெளிதான் கண்ணில் நிற்கிறது.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே, ஆந்திரப் பக்கத்தில் இருக்கிறது. தாத்தா செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து சித்தூர் மாவட்டத்தில் இறந்தார். இடையில் ஒரு நாளும் வீடு மாற்றவில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, எங்கள் வட்டாரம் ஆந்திரத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் தெலுங்கு, வீடு தமிழ், கோயில் இரண்டும். கோடையில் கொடி ஏறினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பக்கத்து ஊர் ஒன்றில் அதே பாரதம் தெலுங்கில் நடக்கும். இரண்டு ஊருக்கும் போய்வருகிற எங்களுக்குப் பீமன் இரண்டு பாஷையிலும் ஒரே குரலில்தான் உறுமுவான்.

பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகிற பீமனை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றுவார்கள். அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் எறிவான். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் கீழே மடி ஏந்தி நிற்பார்கள். கடைசியில் படுகளம். களிமண்ணால் செய்த துரியோதனன் வெட்டவெளியில் பனை நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையில் அடித்த பிறகு, அத்தனை இரவும் விரித்துப் போட்டிருந்த கூந்தலைத் திரௌபதி முடிவாள். அதுவரை உறுமிக்கொண்டிருந்த கூட்டம் அந்த நேரத்தில் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். சாயங்காலம் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். பிறகு கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் துணி சுற்றிக்கொண்டு மரப்பெட்டிக்குள் போய்விடும்.

பெட்டி கட்டிவிட்டால் கதை முடிந்தது.

இத்தனைக்கும் வியாசரிடம் அதற்குப் பிறகும் சரக்கு நிறைய இருக்கிறது. காந்தாரியின் சாபம் பலிக்கிறது. யாதவர்கள் கோரைப்புல்லைப் பிடுங்கித் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு சாகிறார்கள். கண்ணன் ஒரு வேடன் விட்ட அம்பில் போகிறான். துவாரகையின் பெண்களை அழைத்துக்கொண்டு வருகிற அர்ச்சுனனை வழிப்பறிக்காரர்கள் மறிக்கிறார்கள். காண்டீவத்தை நாணேற்றவே அவன் திணறுகிறான். அஸ்திரங்கள் நினைவுக்கு வர மறுக்கின்றன. தடி வைத்திருக்கிற திருடர்கள் அவனுடைய கண்ணெதிரே பெண்களைக் கவர்ந்து போகிறார்கள். பதினெட்டு நாள் போரையும் பார்த்துவிட்டு இந்த இடத்தைப் படித்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆனால் வில்லிபுத்தூரார் பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். 18ஆம் நூற்றாண்டில் எங்கள் தொண்டை நாட்டுக்காரர் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவத்தையும் பாடி நிரப்பினார். என்றாலும் எங்கள் ஊர்ப் பிரசங்கியார் கையில் வில்லியின் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

பெர்சியுஸின் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டது பிற்பாடுதான். தெரிந்தபோது வயிறு எரிந்தது.

ஆர்கோஸ் ராஜா அக்ரீசியஸுக்கு ஒரு குறி சொல்லப்படுகிறது: உன் மகள் வயிற்றுப் பேரன் கையால் உனக்குச் சாவு. மகள் டனாயியை வெண்கல அறைக்குள் பூட்டுகிறான். ஜீயஸ் பொன்மழையாக உள்ளே இறங்குகிறார். பிள்ளை பிறக்கிறது. தாயையும் பிள்ளையையும் பெட்டியில் அடைத்துக் கடலில் விடுகிறான் கிழவன். கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியக் கதையா என்ன? பிள்ளை வளர்ந்து மெதுசாவைக் கொல்கிறான், பாறையில் கட்டப்பட்ட அந்திரோமெடாவை மீட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறான். படம் எடுத்தவர்கள் கையாண்டது இந்த வரைக்கும்தான். கதை இன்னும் போகிறது. லாரிசா என்ற ஊரில் விளையாட்டுப் போட்டி. பெர்சியுஸ் வட்டு எறிகிறான். அது திசை மாறிக் கூட்டத்தில் நின்ற ஒரு கிழவர் மேல் பட்டு அவர் சாகிறார். அந்தக் கிழவர்தான் பாட்டன். குறிக்குப் பயந்து ஊரை விட்டே போனவர். தன் கையால் செத்தவனுடைய நாட்டை ஆள்வதற்குக் கூசி, ஆர்கோஸை உறவினனுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவனுடைய டைரின்ஸை வாங்கிக்கொள்கிறான் பெர்சியுஸ்.

இரண்டாம் பாகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கொல்லக் கூடாதவனைக் கொன்ற வீரன், வெற்றி கசந்துபோன ராஜா, வெளியில் நிற்காமல் அவனுடைய கைக்குள்ளேயே இருந்த எதிரி. கதையே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் 2010இல் வந்த முதல் பாகத்திலேயே அக்ரீசியஸைப் பாட்டன் இல்லை, டனாயியின் புருஷன் என்று ஆக்கிவிட்டார்கள். அவனைக் காலிபோஸ் என்ற அரக்கனாக மாற்றி, பெர்சியுஸ் வாளால் குத்திக் கொன்றும் ஆயிற்று. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பருவத்தில் விதைக்க என்ன இருக்கிறது என்று களஞ்சியத்தைத் துழாவியிருக்கிறார்கள்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆயா தேடிய அந்த அயோ யார் தெரியுமா? கிரேக்க வம்சாவளியில் பெர்சியுஸுக்குப் பல தலைமுறை முந்திய மூதாட்டி. அவள் வழியில் வந்த டனாயுஸின் வம்சத்தில்தான் அக்ரீசியஸும் டனாயியும் பிறக்கிறார்கள். கொள்ளுப்பாட்டிக்கும் கொள்ளுப்பாட்டியைக் கொண்டுவந்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். இதை ஆயாவிடம் சொல்லாமல் விட்டதில் இன்றும் எனக்கு நிம்மதிதான்.

முதல் பாகத்தை நான் தியேட்டரில் பார்த்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்க்கிற முப்பரிமாணப் படம். சாதாரணப் படமாக எடுத்து முடித்துவிட்டு, வெளியிடப் போகிற நேரத்தில் அவசரமாக முப்பரிமாணத்துக்கு மாற்றியது. திரையில் ஆட்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல நின்றார்கள். தலைவலியோடு வெளியே வந்தாலும் மனம் நிறைந்திருந்தது. பெரிய தேள்களோடு நடக்கிற சண்டை நன்றாக இருந்தது. 1981இல் வந்த பழைய படத்தையும் தேடிப் பார்த்தேன். ரே ஹாரிஹாசன் பொம்மைகளை ஒவ்வொரு அசைவாக நகர்த்தி எடுத்தது. அதில் மெதுசா தூண்களின் நிழலுக்குள் ஊர்ந்து வருகிற இடம், மட்டமான வெளிச்சத்தில் கூத்துத் திரைக்குப் பின்னால் வேஷக்காரன் காலை மட்டும் காட்டுகிற இடத்தை ஒத்தது. அதற்கு இரண்டாம் பாகம் வரவில்லை. அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

2010 படம் உலகெங்கும் சுமார் 49 கோடி டாலர் வசூலித்தது. இரண்டாம் பாகம் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கையில் கதை இல்லை, வசூல் கணக்கு இருக்கிறது. ஆகவே பழைய எதிரியைவிடப் பெரிய எதிரி ஒருவன் வேண்டும். கடல் பூதத்தைவிடப் பெரியவன் யார்? ஜீயஸின் அப்பன் க்ரோனஸ். பிறந்த பிள்ளைகளையெல்லாம் விழுங்கியவன். பெர்சியுஸ் பிறப்பதற்கு யுகங்களுக்கு முன்பே பிள்ளைகளிடம் தோற்றுப்போனவன். அவனை எழுப்பி, எரிமலைக் குழம்பாக ஒழுகவிட்டு, பறக்கும் குதிரையில் அவன் வாய்க்குள்ளேயே பெர்சியுஸை அனுப்பினார்கள். இது 2012இல். மறு வருடம், கிரேக்கத் தேவர்களை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்த 'பெர்சி ஜாக்சன்' படத்துக்கும் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் யாரை எழுப்பினார்கள் என்று கேட்காதீர்கள். பாவம் க்ரோனஸ், சிறையில் கிடக்கிற கிழவனுக்கு வருடம் ஒரு முறை வெளியே வந்து அடிவாங்கிப் போகிற வேலை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 'ராத் ஆஃப் த டைட்டன்ஸ்' படத்தில் ஒரு நல்ல விதை கிடந்தது. மனிதர்கள் கும்பிடுவதை நிறுத்திவிட்டதால் தேவர்களின் பலம் வடிகிறது என்று வைத்திருந்தார்கள். விளக்கேற்ற ஆளில்லாமல் வௌவால் அடைந்த கோயில்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்த வரியைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜீயஸும் பாதாள தேவன் ஹேடிஸும் இரண்டு கிழட்டுச் சகோதரர்களாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடத்தில் லியாம் நீசனும் ரால்ஃப் ஃபைன்ஸும் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் தொட்டார்கள். அதற்குள் யாரோ எதையோ உடைத்தார்கள், அடுத்த சண்டை வந்துவிட்டது. முடிவில் ஜீயஸ் தூசியாய் உதிர்ந்து போகிறார். ஆயா திண்ணைக்குப் போனது நல்லதாயிற்று.

இந்தப் படங்களின் நோய் பெரிது பெரிதாக அடிப்பது மட்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். 'முலான்' இரண்டாம் பாகம் அந்த எண்ணத்தை மாற்றியது. அதில் பூதமே இல்லை; எல்லாம் சின்னதுதான்; அப்படியும் கெட்டுப்போயிருந்தது. சீனத்து முலான் பாட்டு மிகப் பழையது. அப்பனுக்குப் பதிலாக ஆண் வேடத்தில் போருக்குப் போன பெண், பன்னிரண்டு வருடம் கழித்து வீடு திரும்புகிறாள். ராஜா கொடுக்கிற பதவி வேண்டாம் என்கிறாள். பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, கூடப் போரிட்டவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். இரண்டு முயல்கள் சேர்ந்து ஓடும்போது எது ஆண், எது பெண் என்று யார் கண்டார்கள் என்று பாட்டு முடிகிறது. 1998 கார்ட்டூன் படம் பாட்டிலிருந்து எவ்வளவோ விலகினாலும் அந்த முயலின் துடிப்பு அதில் இருந்தது. 2004இல் வீட்டு வீடியோவுக்கென்று ஒரு இரண்டாம் பாகம் வந்தது. கல்யாணம் ஆனால் தன் காவல் வேலை போய்விடுமே என்று குட்டி டிராகன் முலானையும் அவள் மாப்பிள்ளையையும் பிரிக்கப் பார்க்கிறது. ஒரு நாட்டையே காத்தவளின் கதை, வேலை பறிபோகப் பயந்த ஒருவனின் கோள்மூட்டலாகச் சுருங்கிவிட்டது. அந்த டிராகனுக்குப் பேசிய எடி மர்ஃபியும் இதில் இல்லை. குரலிலேயே வேறு ஆள்.

ஆக, அளவில் குற்றம் இல்லை. முதல் பாகம் முடித்து வைத்ததை இரண்டாம் பாகம் மதிப்பதில்லை, அதுதான் குற்றம். அயோ பிழைத்தாளா, கொன்றுவிடு. முலான் தன்னை நிரூபித்துவிட்டாளா, மறுபடி நிரூபிக்கச் சொல். முடிந்த கூந்தலைத் திரும்ப அவிழ்த்துவிட்டு, இன்னொரு துரியோதனனைக் களிமண்ணில் செய்து கொண்டுவந்து கிடத்துகிற வேலை.

நம்மவர்களும் இதில் கைவைத்தார்கள். 2005இல் 'அனுமான்' கார்ட்டூன் படம் வந்தபோது அக்கா பையனுக்கு ஐந்து வயது. வாலை ஒரு துணியில் முறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் திரிந்தான். 2007இல் 'ரிட்டர்ன் ஆஃப் அனுமான்' வந்தது. அனுராக் காஷ்யப் இயக்கியது. அனுமான் பிரம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஒரு கிராமத்தில் மனிதக் குழந்தையாகப் பிறந்து, மாருதி என்ற பெயரில் பள்ளிக்கூடம் போகிறான். வேடிக்கையான இடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் படம் பாதி ஓடியபோது பையன் என் காதில் கேட்டான்: "மாமா, அனுமான்தான் சாகவே மாட்டாரே, எதற்கு மறுபடியும் பிறக்கிறார்?"

ஏழு வயதுப் பிள்ளை. திரைக்கதை எழுதியவர்கள் மேசையில் இந்தக் கேள்வி எழவே இல்லையா? சிரஞ்சீவிக்கு மறுபிறப்பு எதற்கு? அவர் இங்கேதானே இருக்கிறார்! ராமநாமம் கேட்கிற இடத்தில் கண்ணீரோடு கை கூப்பி நிற்கிறார் என்று எங்கள் பக்கத்துப் பஜனைக் கோயிலில் அவருக்கென்று ஒரு பலகை போட்டு வைக்கிறார்கள்.

அனுமானுக்கு ஒரு இரண்டாம் பாகம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் அந்தப் பையனுக்குப் பிறகு சொன்னேன். பாரதத்தில், திரௌபதி கேட்ட பூவைத் தேடி வருகிற பீமனின் வழியில் ஒரு கிழட்டுக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. வயதாகிவிட்டது, எழ முடியவில்லை, வாலை நீயே நகர்த்திவிட்டுப் போ என்கிறது. பீமன் ஒரு கையால் முயல்கிறான், பிறகு இரண்டு கையாலும். வால் அசையவில்லை. இலங்கையை எரித்த வால் அது. ராமன் போய், யுகம் மாறி, ஆள் நடமாட்டமில்லாத காட்டில் ஒரு அண்ணன் தன் தம்பியை அடையாளம் கண்டுகொள்கிறான். ஒரு சண்டை கிடையாது. இதைவிடச் சிறந்த தொடர்ச்சியை நான் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை. அனுமானுக்கு வயதாகிவிட்டது என்பதை இந்தக் கதை ஒப்புக்கொள்கிறது, அதில்தான் அதன் அழகு.

நம் பக்கத்துக் கதைக்காரர்கள் கதையைப் பின்னால் இழுப்பதைவிடப் பக்கவாட்டில் இழுப்பதில்தான் கெட்டிக்காரர்கள். அல்லி, பவளக்கொடி எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். அர்ச்சுனன் அங்கே போனான், இங்கே மணந்தான் என்று போருக்கு முந்திய இடைவெளிகளில் நுழைத்தார்கள். 1957இல் வந்த 'மாயா பஜார்' கூட அந்த வகைதான். அபிமன்யுவுக்கும் பலராமன் மகள் சசிரேகைக்கும் நடக்கிற கல்யாணம் வியாசரில் கிடையாது. ஆனால் தமிழிலும் தெலுங்கிலும் எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து லட்டுகளை வாய்க்குள் பறக்கவிட்டபோது வியாசரை யார் கேட்டார்கள்? அபிமன்யு சாகப் போகிறான், கடோத்கஜன் சாகப் போகிறான் என்று பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அந்தச் சாவை மாற்றாமல், அதற்கு முன்னால் ஒரு கல்யாணச் சாப்பாடு போட்டு அனுப்பி வைத்தார்கள்.

பின்னால் இழுத்தாலும் சரியாக இழுக்க முடியும் என்பதற்கு எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் ஒரு சாட்சி படுத்துக் கிடக்கிறது.

சுருட்டப்பள்ளி. சிவன் கோயில், ஆனால் உள்ளே சிவன் பள்ளிகொண்டிருக்கிறார். பார்வதியின் மடியில் தலை வைத்து மல்லாந்து. பாற்கடல் கடைந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆலகால விஷத்தை எடுத்து விழுங்கினார், அம்மை கழுத்தைப் பிடித்தாள், நீலகண்டர் ஆனார். பிரசங்கம் அங்கே முடிந்துவிடும். யாரோ ஒருவர், முகம் தெரியாத எந்தக் காலத்து ஆளோ, கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்க வேண்டும்: அதற்கப்புறம் என்ன ஆயிற்று? அத்தனை விஷத்தைக் குடித்தவருக்கு மயக்கம் வந்திருக்காதா? வந்தது. இங்கே படுத்துவிட்டார், தேவர்கள் சுற்றி நின்று கவலையோடு பார்த்தார்கள் என்கிறது தலபுராணம். இன்னொரு விஷம் வரவில்லை. வேறு ஒரு அசுரன் எழவில்லை. விஷம் குடித்தவனுக்கு உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்ட ஒரு வீட்டுக் கேள்விக்குக் கல்லில் பதில் வைத்துவிட்டார்கள்.

கேட்பவனிடமிருந்து பிறந்த தொடர்ச்சிக்கு டிவியிலேயே ஒரு உதாரணம் உண்டு. 1988 ஜூலை 31 அன்று தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் பட்டாபிஷேகத்தோடு முடிந்தது. கம்பரும் பட்டாபிஷேகத்தோடுதான் முடித்தார். உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழக்கு. ஆனால் வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிற துப்புரவுத் தொழிலாளர்கள் ஜலந்தரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீதை காட்டுக்குப் போனதும், வால்மீகியின் ஆசிரமத்தில் பிள்ளைகள் வளர்ந்ததும் காட்டப்படவே இல்லையே என்பது அவர்கள் கேள்வி. குப்பை தெருவில் குவிந்தது. லவகுசர் கதை தொடராக வந்தது. அந்தத் தொடர் முதலாவதற்கு ஈடில்லைதான். ஆனால் அது வந்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆயாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. 1963இல் என்.டி.ஆர். நடித்த 'லவகுசா'வை வண்ணத்தில் பார்த்துவிட்டு வந்தவள் அவள். அஞ்சலிதேவியை பூமாதேவி எடுத்துக்கொண்ட இடத்தைச் சொல்லும்போதெல்லாம் முந்தானையைத் தேடுவாள்.

நீலி விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. பழையனூர் நீலி எங்கள் பக்கத்துப் பேய். திருவாலங்காட்டை ஒட்டிய ஊர்க்காரி. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைப் பழிவாங்க, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பெண்டாட்டிபோல அழுதுகொண்டு ஊர்ச்சபைக்கு வந்தாள். அந்த அழுகைதான் நாம் இன்றும் சொல்கிற நீலிக் கண்ணீர். அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று பிணை நின்ற எழுபது வேளாளரும், விடிந்ததும் அவன் பிணத்தைக் கண்டு தீயில் இறங்கினார்கள். சிறுவயதில் இந்தக் கதை கேட்டால் கொல்லைப்புறம் போக மாட்டோம்.

இருபது வயதில் 'நீலகேசி' என்ற பெயரை ஒரு பழைய புத்தகக் கடையில் பார்த்துத் துள்ளினேன். நம் நீலியைப் பற்றிச் சமண முனிவர்கள் ஒரு காப்பியமே எழுதியிருக்கிறார்கள்! வாங்கிப் படித்தால், நீலி ராஜகுமாரி வேடத்தில் ஒரு சமண முனிவரை மயக்கப் போகிறாள், அவரிடம் தோற்கிறாள், அகிம்சை நெறியை ஏற்கிறாள். அதன் பிறகு பக்கம் பக்கமாகத் தர்க்கம். குண்டலகேசியோடு வாதம், பௌத்தரோடு வாதம், ஆசீவகரோடு வாதம், சாங்கியரோடு வாதம். கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கியவள் பிரமாணம் பேசுகிறாள். ஏமாந்துபோனேன். அன்று நான் பட்ட ஏமாற்றத்துக்கும் 'ராத் ஆஃப் த டைட்டன்ஸ்' பார்த்தபோது பட்ட ஏமாற்றத்துக்கும் அதிக வித்தியாசம் இல்லை.

இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பழி தீர்த்துக்கொண்ட பேய் பிறகு என்ன செய்யும், அதற்கும் விமோசனம் உண்டா என்று யாரோ கவலைப்பட்டுத்தான் அதை எழுதியிருக்கிறார்கள். மணிமேகலையில் கண்ணகியின் சிலையே பேசுகிற இடம் ஒன்று உண்டு: மதுரையை எரித்த வினை என்னையும் விடாது என்கிறாள். சிலம்பைப் படித்துக் கொதித்தவனை நிறுத்தி, எரித்தது சரியா என்று கேட்கிற துணிச்சல் அது. நீலகேசிக்கும் அந்தத் துணிச்சல் இருக்கிறது. இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வாதச் சருக்கங்களை நான் இன்னும் முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

இந்தக் கட்டுரையை இவ்வளவு நாள் எழுதாமல் வைத்திருந்ததற்கு ஒரு சீனப் படமும் காரணம். 2019இல் வந்த 'நெஜா'வுக்கு 2025இல் இரண்டாம் பாகம் வந்து, கார்ட்டூன் படங்களிலேயே உலகில் அதிகம் வசூலித்ததாக ஆகிவிட்டது. மகள் கட்டாயப்படுத்தி உட்காரவைத்தாள். நன்றாகவே இருந்தது. முதல் பாகத்தில் உடம்பை இழந்த இரண்டு பிள்ளைகளுக்கு உடம்பு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதிலிருந்தே இரண்டாம் பாகம் தொடங்குகிறது; இழப்பை அழித்துவிடாமல் அதற்கு விலை கொடுக்கிறது. சண்டைகள் மட்டும் அரை மணி நேரம் அதிகம். நெஜா என்ற பெயரே நம் குபேரனின் மகன் நளகூபரன் பௌத்த நூல்களோடு சீனத்துக்குப் போய்த் தேய்ந்து வந்த பெயர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மகளிடம் சொன்னேன். "அப்படியென்றால் நம் ஊர்ப் பையன்தான்" என்றாள். உரலில் கட்டப்பட்ட கண்ணன் இழுத்துச் சாய்த்த மருதமரத்திலிருந்து வெளியே வந்தவன் அவன். அதற்கப்புறம் எங்கே போனான் என்று நான் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்த வருடக் கோடையில் அவளைப் பட்டாபிஷேகத்துக்குக் கூட்டிப்போனேன். ஆயா இல்லாத திருவிழா இது மூன்றாவது. கூத்து முடிந்து, தருமர் வேஷம் கட்டிய வாத்தியார் கோயில் மதிலோரம் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் ராஜா, பாதி முகம் எழுபது வயதுக் கிழவர். பெட்டியில் கிரீடத்தை அடுக்கிக்கொண்டிருந்த பையன்களைத் தாண்டி மகள் நேரே அவரிடம் போய் நின்றாள்.

"தாத்தா, அப்புறம் தருமர் என்ன செய்வார்?"

"அப்புறமா? வெள்ளிக்கிழமை அடுத்த ஊரில் கொடி ஏறுகிறது, கண்ணு. மறுபடியும் சூதாட உட்கார வேண்டும்."

"தோற்றுவிடுவார் என்று அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். கூப்பிட்டுவிட்டார்களே, போகாமல் இருக்க முடியுமா?"

பெட்டியை மினி லாரியில் ஏற்றினார்கள். அந்த ஊருக்கு நேர் பஸ் கிடையாது. சத்தியவேட்டில் இறங்கி மாற வேண்டும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மத்தளக்காரரிடம் கேட்டுக்கொண்டேன்.